யார் மேல் கோபம்? ஐரோப்பிய இலக்கிய இயக்கங்களுக்குள் நுழைய ஒரு வழி

இலக்கியம் படிக்கிற மாணவரிடம் ரொமாண்டிசிசம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். இயற்கை, கற்பனை, தனிமனித உணர்வு, குழந்தைப் பருவம் என்று ஒரு பட்டியல் வரும். யதார்த்தவாதத்துக்கு வேறொரு பட்டியல், நவீனத்துவத்துக்கு இன்னொன்று. பட்டியல் தப்பில்லை, தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கித் தரும். ஆனால் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் ஏன் திடீரென்று, முந்தையவர்கள் எழுதியதுபோல எழுத மாட்டோம் என்று கிளம்பினார்கள் என்பது அதில் இருக்காது. அது தெரியாமல் மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த கையோடு எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

என்னிடம் கேட்டால், எந்த இயக்கத்தை எடுத்தாலும் முதல் கேள்வி இதுதான்: இவர்களுக்கு யார் மேல் கோபம்? எதைப் பொய் என்கிறார்கள்? கோபம் பிடிபட்டால் பட்டியலில் உள்ளதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். ஐரோப்பா முழுவதையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. பிரான்சும் இங்கிலாந்தும்தான் இங்கே அதிகம், மற்ற நாடுகள் இடையிடையே வரும்.

முதலில் எல்லோருக்கும் கோபம் வரவழைத்த அந்தப் பழைய வீட்டைப் பார்த்துவிடலாம், அதாவது 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் செவ்வியல்வாதம். ரிஷ்லியூ என்ற கர்தினால், மன்னரின் முதல் அமைச்சர், 1635-ல் பிரெஞ்சு அகாதெமியைத் தொடங்கினார். மொழிக்கும் இலக்கியத்துக்கும் ஒழுங்கு வேண்டும் என்பது நோக்கம். நாடகத்துக்கு மூன்று ஒருமைகள் வகுக்கப்பட்டன: கதை 24 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், ஒரே இடத்தில் நடக்க வேண்டும், ஒரே கதைச்சரடாக இருக்க வேண்டும். இதெல்லாம் அரிஸ்டாட்டில் சொன்னது என்றார்கள். உண்மையில் அரிஸ்டாட்டில் அழுத்திச் சொன்னது கதைச்சரடின் ஒருமையை மட்டும்தான். இட ஒருமை என்பது இத்தாலிய மறுமலர்ச்சிக்கால உரைகாரர்கள் அவர் பெயரில் சேர்த்தது. உரைகாரர்கள் மூலத்தைவிடக் கறாராக இருப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

1637-ல் கொர்னெய் எழுதிய 'லெ சித்' நாடகம் பாரிசில் பெரிய வெற்றி. ஒரு நாளைக்குள் வாள்சண்டை, மூர்கள் என்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுடன் ஒரு போர், மறுபடியும் வாள்சண்டை என்று அத்தனையும் நடந்து முடிகிறது. அதோடு, தன் அப்பாவைக் கொன்றவனையே கதாநாயகி காதலிக்கிறாள், கடைசியில் அவனை மணக்கவும் வழி திறக்கிறது. மக்கள் கொண்டாடினார்கள். விமர்சகர்கள் கொதித்தார்கள். விவகாரம் அகாதெமிக்குப் போய், அது நாடகத்தின் குறைகளைப் பட்டியலிட்டுத் தீர்ப்பே எழுதியது. கவனித்துக்கொள்ளுங்கள், ஒரு நாடகம் நன்றாக இருக்கிறதா என்பதை ரசிகர்கள் முடிவு செய்வதா, விதி முடிவு செய்வதா என்ற சண்டை இங்கேயே ஆரம்பித்துவிட்டது. அடுத்த 200 வருடங்களுக்கு அது ஓயவில்லை.

விதிகளைக் கிண்டல் செய்வது சுலபம். ராசீனின் 'ஃபெத்ர்' (1677) படித்தால் அந்தக் கிண்டல் கொஞ்சம் அடங்கும். கணவனின் மகன்மேல் ஆசை வைத்துவிட்ட ஒரு ராணி, ஒரே இடம், ஒரே நாள், எங்கேயும் தப்ப முடியாது. அந்த நெருக்கடியே விதிகள் கொடுத்ததுதான்.

அடுத்து வந்த அறிவொளிக் காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், காரணம் அதன் பெரிய சாதனைகள் இலக்கியத்தைவிடச் சிந்தனையில்தான் அதிகம். தீதரோவும் தலம்பேரும் 1751-லிருந்து தொகுத்து வெளியிட்ட கலைக்களஞ்சியம் அதன் சின்னம். அவர்களின் கோபம் மூடநம்பிக்கை மேல், கேள்வி கேட்காத அதிகாரம் மேல். 1755-ல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. அதற்குப் பிறகும் நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை வோல்தேர் 'கான்டீட்' (1759) என்ற சிறிய நாவலில் கிழித்துத் தொங்கவிட்டார். இன்றைக்கும் சிரிக்க வைக்கிற புத்தகம்.

"நாங்கள் ஏழு பேர்"

அறிவு, அறிவு என்று ஒரு நூற்றாண்டு முழுக்கப் பேசினால் எதிர்வினை வராமல் இருக்குமா? 1774-ல் கதே என்ற 25 வயது இளைஞர் 'இளம் வெர்தரின் துயரங்கள்' நாவலை வெளியிட்டார். இன்னொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைக் காதலித்துத் தற்கொலை செய்துகொள்ளும் இளைஞனின் கதை, பெரும்பகுதி கடிதங்கள். வெர்தர் போட்டிருந்த நீலக் கோட்டையும் மஞ்சள் உள்சட்டையையும் இளைஞர்கள் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். லைப்சிக் நகர நிர்வாகம் புத்தகத்தோடு அந்த உடுப்பையும் சேர்த்துத் தடை செய்தது! வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் கதேவே இந்த உணர்ச்சிக் கொந்தளிப்பிலிருந்து விலகிச் செவ்வியல் நிதானத்தின் பக்கம் போய்விட்டார்.

இங்கிலாந்தில் முக்கியமான ஆண்டு 1798. வேர்ட்ஸ்வொர்த்தும் கோலரிட்ஜும் ஆசிரியர் பெயர் போடாமல் 'லிரிக்கல் பாலட்ஸ்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார்கள். இரண்டாம் பதிப்புக்கு 1800-ல் வேர்ட்ஸ்வொர்த் நீண்ட முன்னுரை எழுதினார். ரொமாண்டிசிசம் என்கிற கற்பனாவாதத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் சாசனம் மாதிரி. கோபம் யார் மேல்? கவிதைக்கென்று தனியாக ஒரு அலங்கார மொழி வேண்டும் என்று நம்பியவர்கள் மேல். 18-ஆம் நூற்றாண்டுக் கவிதையில் மீனை மீன் என்று சொல்ல மாட்டார்கள், துடுப்புள்ள குலம் என்பார்கள். தாமஸ் கிரே என்ற கவிஞர், இறந்த நண்பனுக்காக எழுதிய 14 வரிக் கவிதையில் சூரியன் உதித்தது என்பதற்கு, சிவக்கும் ஃபீபஸ் (கிரேக்கச் சூரியக் கடவுள்) தன் பொன் நெருப்பை உயர்த்துகிறான் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கவிதையை முன்னுரையில் எடுத்துப் போட்ட வேர்ட்ஸ்வொர்த், இதில் ஐந்து வரிகளுக்குத்தான் மதிப்பு உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த ஐந்தும் அலங்காரம் இல்லாமல் துக்கத்தை நேராகச் சொல்லும் வரிகள்.

சரி, அவர் தரப்பிலிருந்து என்ன எழுதினார்? அந்தத் தொகுப்பில் உள்ள 'நாங்கள் ஏழு பேர்' என்ற கவிதையைப் பாருங்கள். ஒருவர் எட்டு வயதுச் சிறுமியிடம் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார். ஏழு பேர் என்கிறாள். இருவர் கான்வே என்ற ஊரில், இருவர் கடலுக்குப் போய்விட்டார்கள், இருவர் கல்லறைத் தோட்டத்தில், அவள் அம்மாவோடு பக்கத்துக் குடிசையில். அப்படியானால் இருவர் இறந்துவிட்டார்கள், நீங்கள் ஐந்து பேர்தானே என்கிறார் அவர். அவள் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கல்லறைகள் வீட்டு வாசலிலிருந்து பன்னிரண்டு காலடிக்குச் சற்று மேலான தூரத்தில்தான் இருக்கின்றன, அங்கே உட்கார்ந்துதான் காலுறை பின்னுகிறேன், வெயில் தாழ்ந்தால் கிண்ணத்தை எடுத்துப்போய் அங்கேயே சாப்பிடுகிறேன் என்கிறாள். பெரியவர் மறுபடியும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அவள் மறுபடியும், "நாங்கள் ஏழு பேர்" என்கிறாள். கவிதை முடிந்தது.

பட்டியலில் உள்ள அத்தனையும் இதில் இருக்கிறது: குழந்தை, கிராமம், எளிய சொல், உணர்வு. ஆனால் கவிதையின் உயிர் அந்த வாக்குவாதத்தில்தான். பெரியவர் பேசுவது அறிவொளிக் காலத்தின் குரல், கணக்குச் சரியாக இருக்கிறது. சிறுமிக்கு அந்தக் கணக்கே வேண்டாம். யார் சொல்வது உண்மை என்று வேர்ட்ஸ்வொர்த் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் படிக்கிற நாம் யார் பக்கம் சாய்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

அதே தொகுப்பின் முதல் கவிதை கோலரிட்ஜுடையது. ஒரு கிழ மாலுமி அல்பட்ராஸ் பறவையைக் கொன்று சாபம் வாங்கிக்கொள்கிறான், செத்த மாலுமிகள் எழுந்து பாய்மரக் கயிறு இழுக்கிறார்கள். எளிய கிராமத்துச் சிறுமி ஒரு பக்கம், பேய்க்கப்பல் இன்னொரு பக்கம். ஒரே அட்டைக்குள் இரண்டும் எப்படி என்று குழம்ப வேண்டாம், இருவரும் எதிர்த்தது ஒரே எதிரியை. மேரி ஷெல்லி 1818-ல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளியிட்டபோது அந்தக் கோபம் அறிவியலின் அகங்காரம் பக்கமும் திரும்பியிருந்தது. அந்தக் கதை கருக்கொண்ட 1816-ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் வெயிலே சரியாக இல்லை, முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை கக்கிய சாம்பல்தான் காரணம். ஜெனிவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் அடைபட்ட நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பேசிக்கொண்டதில் பிறந்தது அந்த நாவல். மேரியின் கணவர் கவிஞர் ஷெல்லி. நம் பாரதி இளம் வயதில் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டாரே, அதே ஷெல்லி.

மற்ற நாடுகளில் இந்த இயக்கம் நாட்டார் மரபின் பக்கம் சாய்ந்தது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-லிருந்து கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். பின்லாந்தில் லோன்ரோட் என்ற மருத்துவர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைக் கேட்டு 1835-ல் 'கலேவலா' தொகுத்தார். வரைபடத்திலேயே போலந்து என்ற சுதந்திர நாடு இல்லாத காலத்தில், மிட்ஸ்கியேவிச் பாரிசில் உட்கார்ந்து போலந்தின் காவியத்தை எழுதினார். அங்கெல்லாம் கோபம் இலக்கண விதி மேல் மட்டும் இல்லை, ஆள்கிற அந்நிய அரசு மேலும் இருந்தது.

ஒரு நாடகம், ஒரு சிவப்புச் சட்டை

பிரான்சில் பழைய வீடு உறுதியாகக் கட்டப்பட்டிருந்ததால் இடிக்கவும் நேரமானது. 1830 பிப்ரவரி 25. கொமெதி பிரான்சேஸ் அரங்கில் விக்டர் ஹ்யூகோவின் 'எர்னானி' முதல் காட்சி. மறுநாள் அவருக்கு 28 வயது நிறைகிறது. அந்தக் காலத்தில் கூலிக்குக் கைதட்டும் ஆட்களை அரங்கில் வைத்திருப்பது வழக்கம். ஹ்யூகோ அவர்களை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தன் இளம் நண்பர்களை, ஓவியர்கள், கவிஞர்கள், தாடியும் நீள முடியுமாகத் திரிந்தவர்களை, உள்ளே நிரப்பினார். காட்சிக்குப் பல மணி நேரம் முன்பே உள்ளே விடப்பட்டவர்கள் இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தியோஃபில் கோத்தியே என்ற 18 வயதுக் கவிஞர், செவ்வியல் ரசிகர்களை வெறுப்பேற்றவென்றே தைத்துக்கொண்ட சிவப்பு உள்சட்டையில் வந்திருந்தார். பிற்காலத்தில் எத்தனையோ எழுதியும், மக்கள் அவரை அந்தச் சட்டையை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள், பாவம்.

திரை விலகி முதல் இரண்டு வரிகளிலேயே கூச்சல் ஆரம்பம். ஒரு கிழத் தாதி, ரகசியப் படிக்கட்டில் யாரோ வரும் சத்தம் கேட்டுப் பேசுகிறாள். பிரெஞ்சுச் செவ்வியல் நாடகத்தில் 12 அசை கொண்ட ஒரு வரி முடியும் இடத்தில் பொருளும் ஓரளவு முடிந்து நிற்க வேண்டும். ஹ்யூகோ படிக்கட்டு என்பதை முதல் வரியின் கடைசியில் வைத்து, ரகசிய என்ற அடைமொழியை அடுத்த வரியின் தலையில் போட்டார், பிரெஞ்சில் அடைமொழி பெயருக்குப் பின்னால் வரும். அவ்வளவுதான் குற்றம். அப்புறம் ஓர் இடத்தில், நள்ளிரவு ஆகிவிட்டதா என்று அரசன் சாதாரண மனிதனைப் போல விசாரிக்கிறான். அரசன் மணி கேட்பதா, அதுவும் அலங்காரம் இல்லாமலா என்று அதற்கும் ஆட்சேபம். நாடகம் ஓடிய நாட்களெல்லாம் சிரிப்பும் சீழ்க்கையும் சண்டையும். ஆனால் ஓடியது. ஐந்து மாதம் கழித்து ஜூலையில் பாரிசில் தெருச்சண்டை வெடித்து மன்னர் பத்தாம் சார்லஸ் முடியிழந்தார். நாடகத்தால்தான் புரட்சி வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் விதி என்பது மாற்ற முடியாததில்லை என்ற எண்ணம் அரங்கிலும் தெருவிலும் ஒரே சமயத்தில் இருந்தது.

இதில் மாணவர்கள் தவறவிடும் ஒன்று. அதே 1830-ல் அதே பாரிசில் ஸ்தெந்தால் 'சிவப்பும் கறுப்பும்' நாவலை வெளியிட்டார். நாவல் என்பது சாலையில் எடுத்துச் செல்லப்படும் கண்ணாடி என்ற வாசகம் அதில் வருகிறது. யதார்த்தவாதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் வாசகம். அதாவது கற்பனாவாதம் மேடையில் வெற்றி கொண்டாடிய ஆண்டிலேயே அதற்கு அடுத்தது புத்தகக் கடைக்கு வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் ஒரு கட்டம் முடிந்த இடத்தில் அடுத்த கட்டம் தொடங்குகிற மாதிரி கோடு போட்டிருப்பார்கள். எழுதியவர்களுக்கு அந்தக் கோடு தெரியாது.

வாடகை எவ்வளவு?

யதார்த்தவாதிகளின் கோபம் எளிது: வாழ்க்கை இப்படி இல்லை. நிலவொளியில் காதலர்கள் பேசிக்கொள்கிறார்கள், சரி, அவர்கள் வாடகைக்கு என்ன செய்கிறார்கள்? பால்சாக்கின் 'கோரியோ கிழவன்' (1835) முழுக்கப் பணம்தான். கோரியோ ஒரு விடுதியில் ஆண்டுக்கு 1,200 பிராங்க் கொடுத்து நல்ல அறைகளில் குடியேறுகிறார். பிறகு ஒரு மாடி மேலே போகிறார், 900 பிராங்க். அதற்கும் மேல் மாடி, மாதம் 45 பிராங்க். மின்தூக்கி இல்லாத காலம், மேலே போகப் போக வாடகை குறையும். அவர் ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறார் என்று விடுதியில் யாருக்கும் புரிவதில்லை. இரண்டு மகள்களும் அவரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவின் பாசத்தைப் பால்சாக் மாடிப்படியாலும் வாடகையாலும் அளந்து காட்டிவிடுகிறார்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் பத்திரிகைத் தொழிலும் இருக்கிறது. 1836-ல் ழிரார்தன் என்பவர் பாரிசில் 'லா பிரெஸ்' நாளிதழைத் தொடங்கி, ஆண்டுச் சந்தாவை மற்றவர்கள் வாங்கியதில் பாதியாக, 40 பிராங்காகக் குறைத்தார். விளம்பரத்தில் ஈடுகட்டினார், வாசகர்களை இழுக்கத் தொடர்கதை போட்டார். பால்சாக்கும் அதில் எழுதினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' எழுத ஆரம்பித்தார், மாதம் ஒரு பகுதி, விலை ஒரு ஷில்லிங். வாசகர் கூட்டம் பெருத்தது, அவர்களுக்குத் தங்களைப் போன்றவர்களின் கதை வேண்டியிருந்தது. ரஷ்யாவிலும் கனமான மாத இதழ்கள்தான் நாவலின் வீடு. 1866-ல் 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழுக்குச் சந்தா கட்டியவர்களுக்குத் தாஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' தொடராகக் கிடைத்தது, டால்ஸ்டாய் பின்னால் 'போரும் அமைதியும்' ஆக்கிய நாவலின் பகுதிகளும் அதே ஆண்டு அதே இதழில் வந்தன. பொறாமையாக இருக்கிறது.

யதார்த்தவாதத்தை ஒரே அத்தியாயத்தில் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'யில் இரண்டாம் பாகம், எட்டாம் அத்தியாயம் போதும். கிராமத்து வேளாண் கண்காட்சி. மேடையில் அதிகாரிகள் பேசுகிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள். மேலே நகரமன்றத்தின் மாடி ஜன்னலருகே ரொதோல்ஃப் என்ற பணக்காரன், மருத்துவரின் மனைவி எம்மாவை வசப்படுத்தப் பேசிக்கொண்டிருக்கிறான். ஃப்ளோபேர் இரண்டு பேச்சையும் மாற்றி மாற்றி வெட்டி ஒட்டுகிறார். நூறு முறை போய்விட நினைத்தேன், ஆனாலும் உங்கள் பின்னாலேயே வந்தேன், இங்கேயே இருந்துவிட்டேன் என்று ரொதோல்ஃப் உருகும்போது, கீழேயிருந்து அடுத்த பரிசு அறிவிக்கப்படுகிறது: "எருவுக்காக!" அவ்வளவுதான். அவன் பொய் சொல்கிறான் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

எம்மாவே காதல் நாவல்களை அளவுக்கு மீறிப் படித்தவள், அதில் உள்ள மாதிரி வாழ ஆசைப்பட்டுக் கடனில் மூழ்கிச் சாகிறாள். கற்பனாவாதத்தின் மேல் யதார்த்தவாதம் போட்ட வழக்கு என்றே இந்த நாவலைச் சொல்லலாம். ஆனால் நிஜ வழக்கு ஃப்ளோபேர் மேல் வந்தது. 1856 கடைசியில் பத்திரிகையில் தொடராக வந்து முடிந்ததும், பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் புண்படுத்தியதாக அரசு வழக்குப் போட்டது. அரசு வழக்கறிஞர் பினார். எம்மா முதல் முறை தவறிவிட்டு வந்து கண்ணாடி முன் நிற்கும் இடத்தை அவர் எடுத்துக் காட்டினார். காதலின் இன்பங்கள், கிடைக்காது என்று கைவிட்டிருந்த அந்தப் பேரானந்தம், இனி அவளுடையதாகப் போகிறது என்கிற பொருளில் அங்கே ஒரு வாக்கியம் வருகிறது. அது யாருடைய வாக்கியம்? அவள் நினைத்தாள் என்று சேர்க்காமல், கதைசொல்லியின் வாக்கியத்துக்குள்ளேயே ஃப்ளோபேர் எம்மாவின் மனதை நுழைத்துவிட்டார். பினார் அதை ஆசிரியரின் கருத்து என்று படித்தார், கள்ள உறவைப் புகழ்கிறார் என்றார். இந்தப் புத்தகத்தில் அவளைக் கண்டிக்க ஒரு பாத்திரம்கூட இல்லையே என்பது அவருடைய இன்னொரு குறை. எனக்கு என்னவோ, இந்த நாவலின் புதுமையை முதலில் சரியாகக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று தோன்றும், கண்டுபிடித்தது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். 1857 பிப்ரவரியில் ஃப்ளோபேர் விடுதலையானார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பினார் இன்னொரு புத்தகத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார், போதலேரின் 'தீமையின் மலர்கள்'. இந்த முறை தண்டனை கிடைத்தது, 300 பிராங்க் அபராதமும் ஆறு கவிதைகளுக்குத் தடையும். அந்தத் தீர்ப்பு முறைப்படி ரத்தானது 1949-ல்.

இரண்டு பாதைகள்

1857-ன் இந்த இரண்டு புத்தகங்களிலிருந்து இரண்டு வழி பிரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோபேர் வழியில் போனவர் எமில் ஸோலா. அவருக்கு யதார்த்தமும் போதவில்லை, அறிவியல் வேண்டும். குளோத் பெர்னார் என்ற உடலியங்கியல் அறிஞர் மருத்துவத்தில் சோதனை முறை பற்றி எழுதியதைப் பார்த்து, நாவலும் ஒரு சோதனைச்சாலைதான், பரம்பரையும் சூழலும் மனிதனை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும் என்றார். இதுதான் இயல்புவாதம். ஒரே குடும்பத்தின் கிளைகளை வைத்து 20 நாவல்கள் எழுதினார். அவற்றில் 'ஜெர்மினல்' (1885) நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றியது. அதற்காக 1884-ல் வடக்குப் பிரான்சின் ஆன்ஸான் பகுதிக்கு, வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே போய், சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். சோதனைச்சாலைக் கொள்கை இன்று யாருக்கும் பெரிதாகப் படாது. நாவல் அப்படியே நிற்கிறது. 1902-ல் அவருடைய இறுதி ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் "ஜெர்மினல், ஜெர்மினல்" என்று முழங்கிக்கொண்டு நடந்தார்கள்.

மேடையில் இந்த வேலையைச் செய்தவர் நார்வேயின் இப்சன். 'பொம்மை வீடு' (1879) நாடகத்தின் முடிவில் நோரா கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். ஜெர்மனியில் அந்த வேடம் போட வேண்டிய நடிகை, நானாக இருந்தால் குழந்தைகளை விட்டுப் போக மாட்டேன் என்று நடிக்க மறுத்துவிட்டார். வேறு யாராவது கெடுப்பதைவிட நாமே கெடுத்துவிடலாம் என்று இப்சனே ஒரு மாற்று முடிவு எழுதிக்கொடுத்தார், அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் அவரே சொன்னார்.

போதலேர் வழியில் வந்தவர்கள் குறியீட்டியர்கள்: வெர்லேன், ராம்போ, மலார்மே. இவர்களின் கோபம் எல்லாவற்றையும் விவரித்துத் தள்ளும் எழுத்து மேல். பொருளைப் பெயர் சொல்லிக் காட்டிவிட்டால் கவிதை போச்சு, தொனிக்க விட வேண்டும் என்பது மலார்மேயின் நிலை. மொரேயாஸ் என்ற கவிஞர் 1886 செப்டம்பரில் 'லெ ஃபிகாரோ' நாளிதழில் குறியீட்டியத்துக்கு அறிக்கை வெளியிட்டார். 1909-ல் மரினெத்தி, எந்திரத்தையும் வேகத்தையும் கொண்டாடிய எதிர்காலவாதத்துக்கான அறிக்கையை வெளியிட்டதும் அதே நாளிதழின் முதல் பக்கத்தில். இந்தக் காலத்துக்குப் பிறகு இயக்கங்கள் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, அறிக்கை விட்டுக்கொண்டு பிறக்க ஆரம்பித்தன. வேர்ட்ஸ்வொர்த் தன்னை ரொமாண்டிக் கவிஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை, அது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய பெயர்.

நவீனத்துவமும் அப்புறமும்

நவீனத்துவத்தின் கோபத்தை மிகத் தெளிவாகச் சொன்னவர் வர்ஜீனியா வூல்ஃப். 1924-ல் எழுதிய ஒரு கட்டுரையில், லண்டனுக்குப் போகும் ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருக்கும் திருமதி பிரவுன் என்ற வயதான அம்மாளை எடுத்துக்கொள்கிறார். ஆர்னால்டு பென்னட் போன்ற முந்தைய தலைமுறை நாவலாசிரியர்கள் வீட்டைச் சொல்வார்கள், வாடகையைச் சொல்வார்கள், வீடு இருப்பதால் உள்ளே ஆள் இருப்பதாக நாம் நம்பிவிடுவோம் என்று எதிர்பார்ப்பார்கள், அந்த அம்மாள் மட்டும் தப்பித்துப் போயிருப்பாள் என்பது வூல்ஃபின் புகார். பால்சாக்கிடம் வாடகை ஓர் ஆயுதமாக இருந்தது. 90 வருடம் கழித்து அதுவே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. வெற்றிபெற்ற எல்லா இயக்கத்துக்கும் இதுதான் கதி.

அதற்குள் முதல் உலகப் போர் முடிந்திருந்தது. முழுமையான கதை, நம்பகமான கதைசொல்லி, முன்னேறிக்கொண்டே போகும் நாகரிகம் என்பதிலெல்லாம் நம்பிக்கை போயிருந்தது. 1922-ல் மட்டும் ஜாய்ஸின் 'யுலிசிஸ்', எலியட்டின் 'பாழ்நிலம்' இரண்டும் வந்தன. 'யுலிசிஸ்' டப்ளின் நகரத்தில் ஒரே நாள், 1904 ஜூன் 16. வூல்ஃபின் 'திருமதி டாலோவே' (1925) லண்டனில் ஒரே நாள். ஒரு பெண் விருந்துக்குப் பூ வாங்கக் கிளம்புகிறாள். அதே நகரத்தில், போரிலிருந்து திரும்பி மனம் சிதைந்த ஒருவன் அன்றைக்கே உயிரை விடுகிறான். இருவரும் சந்திப்பதே இல்லை, பிக் பென் மணிச்சத்தம்தான் அவர்களை இணைக்கிறது. நினைவு அது பாட்டுக்கு 30 வருடம் முன்னும் பின்னும் போகிறது, கடிகாரம் மட்டும் ஒரே நாளைக்குள் நிற்கிறது. கொர்னெய்யைப் பாடாய்ப்படுத்திய 24 மணி நேர விதி, யாரும் கட்டாயப்படுத்தாமலே திரும்பி வந்துவிட்டதைப் பார்த்தீர்களா?

1924-ல் பிரெத்தோன் தொடங்கிய சர்ரியலிசம் கனவையும் ஆழ்மனதையும் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1953 ஜனவரியில், பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' பாரிசில் ஒரு சிறிய அரங்கில் மேடையேறியது. இருவர் ஒரு மரத்தடியில் காத்திருக்கிறார்கள், கோதோ வருவதில்லை, இரண்டாம் அங்கத்திலும் வருவதில்லை. பெக்கெட், அயனெஸ்கோ எல்லோரையும் ஒரே கூடைக்குள் போட்டு அபத்த நாடகம் என்று 1961-ல் பெயர் வைத்தவர் மார்ட்டின் எஸ்லின் என்ற விமர்சகர். அவர்கள் ஒன்றுகூடி இயக்கம் நடத்தியவர்கள் இல்லை.

எந்தக் கூடைக்குள்ளும் அடங்காதவர்களும் உண்டு. ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் கற்பனாவாதம் உச்சத்தில் இருந்த 1811 முதல் 1817 வரை வெளிவந்தன. அவற்றில் மலையும் இல்லை புயலும் இல்லை, கிராமத்துக் குடும்பங்களும் மாப்பிள்ளைகளின் ஆண்டு வருமானமும்தான். அவர் எந்த இயக்கம் என்று தேர்வில் கேட்டால், காலத்தையும் எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று எழுதுங்கள். நல்ல ஆசிரியர் அதற்குத்தான் மதிப்பெண் போடுவார்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்டால், வரலாற்று வரிசையில் போகாதீர்கள், 'லெ சித்'திலேயே மூச்சு முட்டிவிடும். 'நாங்கள் ஏழு பேர்' பத்து நிமிடம்கூட ஆகாது, 'பொம்மை வீடு' ஒரு மாலைக்குள் முடியும். தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் எம்.ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்' இருக்கிறது, டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாய் 'போரும் வாழ்வும்' என்ற பெயரில் கிடைக்கிறது. பிரெஞ்சிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராம் கொண்டுவந்த காம்யுவின் 'அந்நியன்' மெல்லிய புத்தகம், அதையே முதலில் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் பட்டியலைத் தேடாமல், காம்யுவுக்கு யார் மேல் கோபம் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள்.